கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு: சிங்கப்பூரில் வீடற்றோர், பொது இடம், சட்டம்

சிங்கப்பூரின் ஆதரவற்றோர் சட்டம் 1989ஆம் ஆண்டைச் சேர்ந்தது. யார் ஆதரவற்றவர் என்பதற்கு அது இரண்டு விளக்கங்களைத் தருகிறது. பொது இடத்தில், அங்கு வந்துபோவோருக்குத் தொந்தரவாகும் வகையில் பிச்சை எடுப்பவர் முதல் வகை. இரண்டாவது விளக்கத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்: பிச்சை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பொது இடத்தில் சும்மா இருக்கக் காணப்பட்டு, பிழைப்புக்குக் கண்ணுக்குத் தெரிந்த வழியோ தங்குவதற்கு இடமோ இல்லாதவர், அல்லது தம்மைப் பற்றித் திருப்தியான விளக்கம் சொல்ல முடியாதவர். இப்படி வகைப்படுத்தப்படும் ஒருவரைச் சமூகநல இல்லம் ஒன்றில் தங்க வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் சமூகநலத் தலைமை இயக்குநருக்கு உண்டு. அவர் சொந்தமாகச் சம்பாதிக்கும் நிலைக்கு வரும்போதோ, உறவினர் போன்ற ஒருவர் பொறுப்பேற்கும்போதோ வெளியே வரலாம். திரும்பத் திரும்பப் பிச்சை எடுத்துப் பிடிபடுபவருக்கு 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம்.

வெளியில் படுத்து உறங்குவது குற்றம் என்று இந்தச் சட்டம் எங்கும் கூறவில்லை. இன்று அதைக் கையாளும் அதிகாரிகளில் பெரும்பாலோர் முதலில் உதவியையே முன்வைக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒருவருடைய விருப்பத்தைக் கேட்காமலேயே அவரை ஓர் இல்லத்தில் தங்கவைக்கும் வாசல் அந்த இரண்டாவது விளக்கத்தில் திறந்தே இருக்கிறது. ஒரு மனிதர் செய்த காரியத்தை அந்த விளக்கம் கேட்கவில்லை, அவர் பார்ப்பவருக்கு எப்படித் தோன்றுகிறார் என்பதையே கேட்கிறது. சட்டம் எழுதப்பட்டு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் அந்தக் கேள்வி பொருத்தமானதுதானா என்பதைப் பார்க்க, அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வது உதவும்.

நெப்போலியப் போர்கள் 1815இல் முடிந்தன. போர்முனையிலிருந்து திரும்பிய படைவீரர்களும் வேலையிழந்த உழைப்பாளிகளும் இங்கிலாந்தின் சாலைகளில் அலைந்தார்கள். அவர்களை அப்புறப்படுத்த 1824இல் நாடோடிகள் சட்டம் இயற்றப்பட்டது. கொட்டகையிலோ பாழடைந்த கட்டடத்திலோ திறந்த வெளியிலோ கூடாரத்திலோ வண்டியிலோ தங்கி, பிழைப்புக்குக் கண்ணுக்குத் தெரிந்த வழி இல்லாமலும், தம்மைப் பற்றி நல்ல விளக்கம் தராமலும் இருப்பவரை அது தண்டனைக்குரியவராக்கியது. சிங்கப்பூரைப் பிரிட்டிஷாரிடம் முழுமையாக ஒப்படைத்த உடன்படிக்கையும் அதே 1824இல்தான் கையெழுத்தானது. 1826இல் வந்த நீதிப் பட்டயம் ஆங்கிலச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் எழுதப்பட்ட அந்த இரண்டு தொடர்களும் ஏறத்தாழ அப்படியே சிங்கப்பூர்ச் சட்டத்தில் இன்றும் நிற்கின்றன.

இந்தியாவிலும் அவை பயணம் செய்தன. மதராஸ் மாகாணத்தில் 1945இல் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. பம்பாயில் 1959இல் வந்த சட்டம், கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு வழி இல்லாமல் பொது இடத்தில் திரிபவரையும் பிச்சைக்காரர் என்ற விளக்கத்துக்குள் அடக்கியது. டெல்லிக்கும் நீட்டிக்கப்பட்ட அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை, டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய ஒரு நகரச் சட்டத்தை 1972இலேயே தெளிவற்றது என்று தள்ளிவிட்டது. இங்கிலாந்திலோ, மூலச் சட்டத்தை நீக்க நாடாளுமன்றம் 2022இல் வழி செய்தும் அது பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமல் இருந்தது. நீக்கப்போவதாக அரசாங்கம் 2025 ஜூனில் மீண்டும் அறிவித்தது. சட்டம் பிறந்த நாட்டிலேயே அதைக் கைவிடுவது இவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது.

வீடற்றோர் பற்றிய சட்ட விவாதம் இன்று மிகச் சூடாக நடப்பது அமெரிக்காவின் மேற்குக் கரை நகரங்களில்தான். பொதுவான நாடோடிச் சட்டங்களை நீதிமன்றம் தள்ளிவிட்ட பிறகு, நகரங்கள் குறிப்பிட்ட செயல்களைத் தடைசெய்யத் தொடங்கின: நடைபாதையில் உட்காருவது, படுப்பது, பூங்காவில் போர்வையோடு உறங்குவது. சியாட்டல் 1993இலும், சான் பிரான்சிஸ்கோ 2010இல் வாக்காளர் ஒப்புதலோடும் இப்படிப்பட்ட விதிகளைக் கொண்டுவந்தன. கடைக்காரர்களின் குறை உண்மையானது. கடைவாசலில் யாராவது படுத்திருந்தால் வாடிக்கையாளர் ஒதுங்கிப் போகிறார், சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழி இல்லை, காலையில் கழுவிவிட வேண்டிய வேலை கடைக்காரர் தலையில் விழுகிறது. 2018இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரம் தொடர்பான வழக்கில் ஓர் எல்லைக்கோடு போட்டது: காப்பகத்தில் படுக்கை இல்லாதபோது வெளியில் உறங்குபவரைத் தண்டிக்கக் கூடாது. அந்தக் கோடு ஆறு ஆண்டுகள்தான் நீடித்தது. ஏறத்தாழ 38,000 பேர் வாழும் ஓரிகன் மாநிலச் சிற்றூரான கிராண்ட்ஸ் பாஸ், பூங்காவில் உறங்குவோருக்கு 295 டாலர் அபராதம் விதித்தது தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 28 அன்று 6க்கு 3 என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. விதி தண்டிப்பது ஒருவர் செய்யும் காரியத்தைத்தான், அவருடைய நிலையை அன்று என்றது பெரும்பான்மை. உறக்கம் உடலின் தேவை, அதைக் குற்றமாக்க முடியாது என்றார் மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர். ஒரு மாதத்துக்குள் கலிஃபோர்னியா ஆளுநர், கூடாரங்களை அகற்றும்படி மாநில அமைப்புகளுக்கு உத்தரவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஃபுளோரிடாவில் பொது இடத்தில் உறங்குவதை உள்ளூர் நிர்வாகங்கள் அனுமதிப்பதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சிங்கப்பூரில் இந்த விவாதம் நீதிமன்றத்தில் நடப்பதில்லை. நாடாளுமன்றக் கேள்வி நேரத்திலும், குடும்பச் சேவை நிலையங்களிலும், இரவில் நடந்துபோய் ஆட்களைச் சந்திக்கும் தொண்டூழியர்களிடையேயும் அது நடக்கிறது. எனினும் பாய்சி வழக்கு எழுப்பிய கேள்வி நமக்கும் உரியது என்றே நினைக்கிறேன்: போக வேறு இடம் உண்டா? அதற்கு விடை காண, வெளியில் உறங்குவோர் யார் என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். நீண்ட காலம் நாம் அதைச் செய்யவில்லை.

லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் இங் கோக் ஹோ தலைமையில் 2019இல் முதன்முறையாக நாடு முழுவதும் அந்தக் கணக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 480 தொண்டூழியர்கள் சுமார் 12,000 அடுக்குமாடிப் புளோக்குகளையும் பொது இடங்களையும் நள்ளிரவில் நடந்து பார்த்தார்கள். 921 முதல் 1,050 பேர் வரை வெளியில் உறங்குவதாக அந்த ஆய்வு கூறியது. 2021இல் நடந்த அடுத்த ஆய்வில் 616 பேர் வெளியிலும் 420 பேர் தற்காலிகக் காப்பகங்களிலும் இருந்தார்கள், மொத்தம் 1,036. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2022 நவம்பரில் நடத்திய தன் முதல் நாடளாவிய எண்ணிக்கையில் 530 பேர் காணப்பட்டனர். வெளியில் இருப்போர் தொகை குறைந்தது நல்ல செய்தி. ஆனால் 2021இன் கூட்டுத்தொகை ஒன்றைச் சொல்கிறது: தெருவில் குறைந்தவர்களில் ஒரு பெரும் பகுதியினர் சொந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை, ஒரு கூரையின்கீழ் இடம் மாறியிருந்தார்கள்.

அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதுதான் எண்ணிக்கையைவிட முக்கியம். பெரும்பாலோர் ஆண்கள், நடுத்தர வயதைக் கடந்தவர்கள். நகர மையத்தில் அதிகம் காணப்பட்டாலும் பிடோக் போன்ற பழைய குடியிருப்புப் பேட்டைகளிலும் இருந்தார்கள். துப்புரவு, பாதுகாவல் போன்ற குறைந்த ஊதிய வேலைகளில் முழுநேரமோ பகுதிநேரமோ இருந்தவர்களே 2019 ஆய்வில் அதிகம். சிலருடைய பெயரில் வீடுகூட இருந்தது. மணமுறிவு, குடும்பச் சண்டை, கடன், நெருக்கடி ஆகியவற்றால் அங்கே திரும்ப முடியாமல் இருந்தார்கள். இங்கேதான் 1824இன் சொற்கள் தடுமாறுகின்றன. இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு வணிக வளாகத்தின் நடைகூடத்தில் அட்டை விரித்துப் படுத்திருப்பவரிடம் பிழைப்புக்கான வழி கண்ணுக்குத் தெரியாது. அவருடைய மத்திய சேம நிதிக் கணக்கைப் பார்த்தால் மாதாமாதம் முதலாளியின் சந்தா வந்துகொண்டிருக்கலாம். விடியுமுன் வேலை தொடங்கும் துப்புரவாளர் முதல் ரயிலுக்காகக் காத்திருக்க முடியாது என்பதால், வேலையிடத்துக்கு அருகிலேயே படுத்துக்கொள்வதும் உண்டு.

வேலைக்கும் படுக்கும் இடத்துக்கும் உள்ள இந்த உறவைத் தமிழர்கள் நன்கு அறிந்திருக்க வேண்டும். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு என்று அறியப்படும் 1985ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் மனுதாரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து போன நிலமற்ற விவசாயக் கூலித் தொழிலாளி. வறட்சிக்குத் தப்பி 1961இல் பம்பாய் சென்று, ஒரு ரசாயன நிறுவனத்தில் நாளுக்கு 23 ரூபாய் கூலிக்கு வேலை பார்த்தார். 1981இல் குடிசை இடிக்கப்பட்டு, குடும்பத்தோடு பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பப்பட்டார். மனைவியையும் மகள்களையும் அங்கே விட்டுவிட்டு, வேலைக்காக மீண்டும் பம்பாய்க்கே வந்தார். வேலை கிடைக்கும் இடத்துக்கு அருகில் இருப்பதற்காகவே மக்கள் நடைபாதையைத் தேர்கிறார்கள், அங்கிருந்து வெளியேற்றினால் பிழைப்பே போய்விடும் என்று அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிறகும் உரிய முன்னறிவிப்போடு அகற்றலாம் என்றே அது முடித்தது. அந்தச் சேலத்துக்காரர் திரும்பி வந்த பயணத்தைவிடத் தெளிவாக எந்த ஆய்வும் விஷயத்தைச் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

சிங்கப்பூரில் போக வேறு இடம் உண்டா என்ற கேள்விக்கு விடை வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வாடகை வீட்டு விதிகளில் இருக்கிறது. குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அவரவர் சொந்த வீடுகள். சொந்தமாக வாங்க முடியாதவருக்கு வாடகை வீடு உண்டு. வருமானம் மிகக் குறைந்தவருக்கு அதன் மாத வாடகை சில பத்து வெள்ளிதான், சந்தையில் ஓர் அறைக்குக் கேட்கப்படும் தொகையோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் குடும்பமாக இல்லாத ஒருவர் அதைத் தனியாகப் பெற முடியாதபடியே விதி நீண்ட காலம் இருந்தது. 35 வயது நிரம்பிய ஒண்டியாட்கள் இருவர் சேர்ந்து விண்ணப்பித்து, படுக்கையறை என்று தனியாக எதுவும் இல்லாத ஓரறை வீட்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. கூடத் தங்குபவரை விண்ணப்பிப்பவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஐம்பத்தெட்டு வயதில் மணமுறிவு ஏற்பட்டு, வீட்டை விற்று, பங்கில் கடனை அடைத்துவிட்டு வெளியே நிற்கும் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். வீடு விற்று 30 மாதம் ஆகாதவருக்கு வாடகை வீடு எளிதில் கிடைக்காது. அந்தத் தடையைத் தாண்டினாலும், இன்னோர் அந்நியரோடு ஒரே அறையில் படுக்க வேண்டும். ஒருவர் இரவு வேலைக்குப் போகிறவர், மற்றவர் விடிய விடியத் தொலைக்காட்சி பார்க்கிறவர். ஒருவர் குடிப்பார், இன்னொருவருக்கு அந்த வாடையே ஆகாது. சண்டை முற்றி, வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இருக்கும்போதே வெளியேறி, புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்து படுப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். கணக்கில் அவருக்கு வீடு இருக்கிறது. ‘வீடு கொடுத்தும் போகாதவர்’ என்று அவரைப் பற்றிச் சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. வெளிநாட்டுத் துணையை மணந்தவர்களுக்கும், 35 வயதை எட்டாமல் குடும்பத்தை விட்டு விலகியவர்களுக்கும் வேறு வகைச் சிக்கல்கள் உண்டு.

வீவக இதைக் கவனிக்காமல் இல்லை. ஒண்டியாட்கள் தனியாகவே விண்ணப்பிக்கலாம், கூடத் தங்குபவரை ஒரு நடத்துநர் அமைப்பு பொருத்தித் தரும், அறையின் நடுவே தடுப்பு இருக்கும் என்ற முன்னோடித் திட்டம் 2021இல் தொடங்கியது. பிறகு புக்கிட் பாத்தோக்கில், முன்பு மாணவர் விடுதியாக இருந்த கட்டடத்தில், ஆளுக்கு ஓர் அறையும் பொதுச் சமையலறையும் பொதுக் குளியலறையும் கொண்ட ஏற்பாடு வந்தது. பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு கதவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது. கடந்த பத்தாண்டுகளில் வீடற்றோர் தொடர்பாக எடுக்கப்பட்ட முடிவுகளில் இதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன்.

உறங்குமிடங்களிலும் மாற்றம் வந்தது. அரசு அமைப்புகளையும் தொண்டூழியக் குழுக்களையும் இணைக்கும் பியர்ஸ் கட்டமைப்பு 2019 ஜூலையில் உருவானது. வழிபாட்டு இடங்களும் சமூக அமைப்புகளும் இரவில் தங்கள் இடத்தைத் திறந்துவிடும் பாதுகாப்பான உறங்கிடங்கள் அதற்குச் சற்று முன்பே தொடங்கியிருந்தன. 2020 மார்ச்சில் கொவிட்-19 பரவலால் மலேசியா எல்லையை மூடியதும், ஜோகூர் பாருவில் மலிவாகக் குடியிருந்து இங்கே வேலைக்கு வந்துபோன சிங்கப்பூரர்கள் ஒரே இரவில் இருப்பிடம் இழந்தார்கள். ஏப்ரல் 7இல் கிருமிப்பரவல் முறியடிப்புக் காலம் தொடங்கி, எல்லாரும் வீட்டில் இருங்கள் என்று சொல்லப்பட்டபோது, வீடு இல்லாதவர் எங்கே இருப்பார் என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. சில வாரங்களில் உறங்கிடங்கள் பல மடங்காகப் பெருகின. யாரையும் வற்புறுத்தி அனுப்பாமலேயே நூற்றுக்கணக்கானோர் உள்ளே வந்தார்கள். இடம் இருந்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு அந்த மாதங்களே சான்று.

நாடாளுமன்றத்தில் பேசப்படும் பெரிய சட்டத்தைவிட, வெளியில் உறங்குபவரின் அன்றாடத்தைத் தீர்மானிப்பவை சிறிய விதிகள். பூங்காவில் கூடாரம் போட வேண்டுமானால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும், அதுவும் குறிப்பிட்ட சில பூங்காக்களில் மட்டும். புளோக்கின் கீழ்த்தளம் நகர மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது. நகர மையத்திலோ பொது இடம் போலத் தோன்றும் நடைகூடங்களில் பல, தனியார் வளாகத்துக்குச் சொந்தமானவை. அங்கே சட்டம் பேசுவது பாதுகாவலரின் வாய் வழியாகத்தான். ‘அங்கிள், இங்கே படுக்க முடியாது’ என்று எழுப்பிவிடும் அந்தப் பாதுகாவலரும் பெரும்பாலும் அதே வயதுக்காரர், அதே ஊதியக்காரர். இருக்கைகளின் நடுவே கைப்பிடி வைத்துவிட்டால் ஒரு விதியும் எழுதாமலேயே படுப்பதைத் தடுத்துவிடலாம். எழுந்திருக்க முதியவர்களுக்குக் கைப்பிடி உதவும் என்பது சரி, அதை ஓரங்களில் வைத்தாலும் உதவும்.

எல்லாருக்கும் பொதுவான விதி எல்லார்மீதும் ஒரே எடையோடு விழுவதில்லை என்பதை லிட்டில் இந்தியாவில் பார்த்திருக்கிறோம். 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பின் 2015இல் வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம், இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துவதை நாடு முழுவதும் தடைசெய்தது; லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் கூடுதல் கட்டுப்பாடு வந்தது. அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து குடிப்பவரை அந்த விதி தொடுவதில்லை. விடுதியில் வாழும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை உட்காரக் கிடைக்கும் கூடம் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவின் புல்தரைதான். உறக்கத்தைப் பற்றிய விதிகளின் நிலையும் இதுவே.

ஆதரவற்றோர் சட்டத்தின் இரண்டாவது விளக்கத்தை வைத்திருக்க வேண்டும் என்போர் சொல்லும் வலுவான காரணம் ஒன்று உண்டு. மறதி நோய் முற்றியவர், மனநோயால் உணவையும் மருந்தையும் மறுப்பவர், உடல் நலிந்து படுக்கையிலிருந்து எழ முடியாதவர் ஆகியோரை, ‘அவர் விருப்பம்’ என்று சொல்லி நடைபாதையில் விட்டுவிட்டுப் போக முடியாது. இது முழுவதும் உண்மை. 1989இல் அதற்கு வேறு வழிகள் குறைவாகவும் இருந்திருக்கலாம். இன்று அப்படி இல்லை. 2008ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவரை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வழி செய்கிறது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களுக்கான சட்டம், உடல், மனக் குறைபாட்டால் தம்மைப் பார்த்துக்கொள்ள இயலாமல் தம்மையே புறக்கணிக்கும் நிலையில் இருப்பவரையும் உள்ளடக்குகிறது; யாரிடம் என்ன குறை இருந்தால் தலையிடலாம் என்பதை வரையறுத்து, நீதிமன்ற உத்தரவுக்கும் இடம் வைக்கிறது. தலையிடுவதற்கான காரணத்தை உடலிலும் மனத்திலும் தேடும் சட்டங்கள் இருக்கும்போது, அதைத் தோற்றத்தில் தேடும் பழைய விளக்கத்துக்கு என்ன வேலை மிச்சமிருக்கிறது? பிச்சை பற்றிய முதல் விளக்கத்தைத் தனியாக விவாதிக்கலாம். இரண்டாவதை நீக்கிவிடலாம் என்பதே என் கருத்து. சமூகநல இல்லங்களில் இன்று இருப்பவர்களில் முதுமையும் நோயும் கொண்டவர்களுக்கு இல்லங்கள் தொடர்ந்து தேவை. அவர்களை அங்கே சேர்க்கும் வழி மட்டும் மாற வேண்டும்.

நீக்கினாலும் ஒரு நடைமுறைச் சிக்கல் அப்படியே நிற்கும். பாதுகாப்பான உறங்கிடங்களில் பல இரவு மட்டும் திறந்திருப்பவை. பகலில் அந்த இடம் தொழுகைக்கோ வகுப்புக்கோ அலுவலகத்துக்கோ வேண்டும். இரவு முழுவதும் கட்டடம் காத்துவிட்டு, காலை எட்டு மணிக்கு வேலை முடித்து வரும் பாதுகாவலர் உறங்க வேண்டிய நேரம் அந்தக் கதவுகள் மூடியிருக்கும் நேரம். அவர் நூலகத்திலும் உணவங்காடியிலும் உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறார். பொது இடத்தில் சும்மா இருக்கக் காணப்படுகிறார். பகல் படுக்கைகளுக்கு இடம் ஒதுக்குவது வழிபாட்டு இடங்களால் ஆகாத காரியம், அதற்கு நிலமும் ஊழியரும் அரசாங்கத்திடமிருந்துதான் வர வேண்டும். அடுத்த கணக்கெடுப்பு காலை பத்து மணிக்கும் ஒருமுறை நடத்தப்பட்டால் எத்தனை படுக்கைகள் தேவை என்பது தெரிந்துவிடும்.